டீப்பாயின் மேல் எதை வைப்பது, எவ்வளவு இடத்தைக் காலியாக விடுவது

சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. ஹாலில் 7 அடி நீளத்தில் மூவர் அமரும் சோபா ஒன்று இருக்கிறது. அதன் முன்னால் 4 அடிக்கு 2 அடி அளவில், பெற்றோர் வீட்டிலிருந்து வந்த பழைய தேக்கு டீப்பாய். பூச்சாடி, மெழுகுவத்தி, சிறு பொம்மைகள் என்று வாங்கி அடுக்கினால் இரண்டே நாளில் அடைசலாகத் தெரிகிறது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டாலோ ஹாலே வெறிச்சென்று ஆகிவிடுகிறது. வீட்டில் நான்கு வயதுக் குழந்தை இருக்கிறது. செய்தித்தாள், கண்ணாடி, மாத்திரை எல்லாவற்றுக்கும் அந்த டீப்பாயையே நம்பியிருக்கும் மாமியாரும் இருக்கிறார். இந்த டீப்பாயை எப்படி அலங்கரிப்பது?

நீங்கள் வாங்கிய பொருள்களில் எனக்குக் குறை எதுவும் தோன்றவில்லை. டீப்பாயைக் காட்சிமேடையாக எண்ணித் தொடங்கியதில்தான் சிக்கல் பிறந்திருக்கிறது. வீட்டிலுள்ள வேறெந்த மரச்சாமானுக்கும் இல்லாத ஒரு கடமை டீப்பாய்க்கு உண்டு. வந்தவருக்கு முதலில் தண்ணீரும், பிறகு காபியும் பலகாரமும் கொண்டுவந்து வைப்பது இதன் மேல்தான்; கல்யாணப் பத்திரிகையோடு வருகிறவர் தாம்பூலத் தட்டை இறக்கி வைப்பதும் இதன் மேல்தான். ஆகவே உபசரிப்புக்கு வேண்டிய இடம் போக மிஞ்சுவதில்தான் அலங்காரத்தை அமைக்க வேண்டும். அப்படி அமைத்ததையும் ஒருவர் இரண்டு கையால் ஒரே தூக்கில் எடுத்து வேறிடத்தில் வைத்துவிட முடிய வேண்டும். நம் ஹால்களில் பாய் விரித்து எல்லோரும் சேர்ந்து உட்காரும்போதும், ஊரிலிருந்து வந்தவர்கள் இரவு படுக்கும்போதும், நவராத்திரிக்குக் கொலுப்படி கட்டும்போதும் டீப்பாய் சுவரோரம் நகர்ந்தாக வேண்டும். ஒவ்வொரு முறையும் பத்துப் பன்னிரண்டு பொருள்களைத் தனித்தனியாக எடுத்து மறுபடி அடுக்க வேண்டிய அலங்காரம், எவ்வளவு அழகாக இருந்தாலும், ஒரு மாதத்துக்கு மேல் எந்த வீட்டிலும் நிலைத்து நான் பார்த்ததில்லை.

உங்கள் டீப்பாயையே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அதன் பரப்பு 8 சதுர அடி. ஒருவருக்கு ஒரு பலகாரத் தட்டு, டபராவோடு டம்ளர், ஒரு தண்ணீர் டம்ளர் ஆகியவற்றை இடிக்காமல் வைக்க ஏறத்தாழ 12 அங்குல நீளமும் 9 அங்குல அகலமும் தேவைப்படும். அது முக்கால் சதுர அடி. ஆறு பேர் வந்தால் 4.5 சதுர அடி போய்விடும். எஞ்சும் 3.5 சதுர அடியிலும் கையை நீட்டுவதற்கும் தட்டை நகர்த்துவதற்கும் இடம் விட்டாக வேண்டும். ஆக, அலங்காரத்துக்கு உரிய பங்கு 2 சதுர அடி, மிஞ்சினால் 2.5. இந்த அளவை மனத்தில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் வாங்கும் பொருள்களின் எண்ணிக்கை தானாகவே குறையும்.

அந்த 2 சதுர அடி எங்கே இருக்க வேண்டும் என்பதையும் யோசிக்க வேண்டும். எல்லோரும் செய்வது போல நடுமையத்தில் வைத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். 14 அங்குல விட்டமுள்ள ஒரு தட்டை நடுவில் வைத்தால், 24 அங்குல அகலத்தில் இரு பக்கமும் 5 அங்குலம்தான் மிஞ்சும். பலகாரத் தட்டே 7 அங்குலம் இருக்கும் என்பதால், அந்த இடத்தில் அமர்ந்திருப்பவருடைய தட்டு டீப்பாயின் விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அதே 14 அங்குலத் தட்டை நீளவாக்கில் ஒரு முனைக்குத் தள்ளி, ஓரத்திலிருந்து நான்கு விரல் உள்ளே வைத்தால், மறுபக்கம் இரண்டரை அடிக்கு அகலம் குறையாத காலியிடம் கிடைக்கும். தேக்கின் ரேகைகள் தெரிவதும் அந்த இடத்தில்தான். பழைய தேக்குக்கு அதைவிட நல்ல அலங்காரம் கிடையாது. எந்த முனை என்பதை வாசற்கதவை வைத்து முடிவு செய்யுங்கள்: உள்ளே வருகிறவர் கண்ணுக்கு அலங்காரம் தூரத்து முனையிலும் காலியிடம் அருகிலும் அமைந்தால் ஹால் விரிந்து தெரியும்.

டீப்பாய் நிற்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சோபா இருக்கையின் உயரம் பொதுவாக 17, 18 அங்குலம். டீப்பாய் அதற்குச் சமமாகவோ ஓரிரு அங்குலம் தாழ்வாகவோ இருப்பது நல்லது. நீளம் சோபாவில் மூன்றில் இரண்டு பங்கு அளவில் இருந்தால் பொருத்தமாகத் தெரியும். உங்களுடையது சற்றே குறைவு, குறையென்று சொல்ல ஒன்றுமில்லை. இரண்டுக்கும் இடையே 15 முதல் 18 அங்குலம் விடுங்கள். அதற்குக் குறைந்தால் முழங்கால் இடிக்கும். கூடினால் டம்ளரை எடுக்க எழுந்து குனிய வேண்டிவரும், வயதானவர்களுக்கு அது தொல்லை.

ஒரே தூக்கில் எடுப்பதற்கு நம்மிடம் இருக்கும் மிகச் சிறந்த சாதனம் பித்தளைத் தாம்பாளம். கடைகளில் டீப்பாய்க்கென்றே விற்கும் மரத் தட்டுகளையும் பிரம்புத் தட்டுகளையும் நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டில் பரண் மேல் ஒரு தாம்பாளம் இருக்கும்போது அவற்றுக்குச் செலவழிப்பானேன்? நீள்சதுர டீப்பாயின் மேல் வட்டமான விளிம்பு ஒன்று வந்து உட்காரும்போது கண்ணுக்கு ஓர் ஆறுதல் கிடைக்கிறது. மேலும், விளிம்புக்குள் இருக்கும் மூன்று பொருள்கள் சேர்ந்து ஒரே பொருளாகத் தெரியும். அதே மூன்றும் வெறும் மரத்தின் மேல் சிதறிக் கிடந்தால் யாரோ எடுத்துவைக்க மறந்தவை போலத் தோன்றும். அடைசல் என்று நீங்கள் உணர்ந்தது பெரும்பாலும் இந்தச் சிதறலைத்தான். தாம்பாளத்தின் அடியில் நான்கு இடத்தில் சிறு ஃபெல்ட் வட்டுகளை ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் இழுக்கும்போது பாலிஷில் கீறல் விழும்.

தாம்பாளத்துக்குள் மூன்று பொருள்களுக்கு மேல் வேண்டாம். மூன்றும் மூன்று உயரத்தில் இருக்கட்டும். மிக உயரமானதும் ஓரடியைத் தாண்டக் கூடாது, ஏனென்றால் எதிரும் புதிருமாக அமர்ந்து பேசுகிறவர்களின் முகத்துக்கு நடுவே எதுவும் குறுக்கிடக் கூடாது. இன்னொன்றையும் கவனியுங்கள்: ஹாலுக்குள் நுழைகிறவர் நின்றபடி டீப்பாயை மேலிருந்து பார்க்கிறார், அமர்ந்தவரோ பக்கவாட்டில் பார்க்கிறார். ஆகவே மேலிருந்து பார்க்க ஒன்றும் பக்கத்திலிருந்து பார்க்க ஒன்றும் இருக்க வேண்டும். மேலிருந்து பார்ப்பதற்கு அகன்ற வாயுள்ள உருளியை விஞ்ச எதுவும் இல்லை. 6, 7 அங்குல வாயுள்ள சிறிய வெண்கல உருளி போதும். பக்கவாட்டில் அழகு காட்டுவதற்கு ஒரு சொம்பு. கழுத்து ஒடுங்கி வயிறு பருத்த அந்த வடிவம் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரி இருப்பதால், நாலாபுறமும் ஆட்கள் அமரும் இடத்துக்கு மிகவும் ஏற்றது. இந்திய அரசின் அழைப்பில் இங்கே வந்து சுற்றிய அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் இணையர் 1958இல் அளித்த அறிக்கையில், இந்தியாவில் தாங்கள் கண்டு வியந்த பொருள்களுள் தலையாயதாகக் குறிப்பிட்டது நாம் தண்ணீர் மொள்ளும் இந்தச் சொம்பைத்தான். அந்த அறிக்கையின் விளைவாகவே அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1961இல் தோன்றியது. அடுக்களையில் மூலையில் கிடக்கும் பாட்டி காலத்துச் சொம்பை எடுத்துத் தேய்த்து, இரண்டு கிளை மணிபிளான்ட்டை நட்டு வைத்தால் அதுவே போதும்.

பித்தளை பிடிக்காதவர்கள் சுட்டாங்கலத்தைத் தேர்ந்தெடுக்கலாம். டெபோரா ஸ்மித், ரே மீக்கர் ஆகிய இருவரும் 1971இல் புதுச்சேரியில் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியில் பயின்றவர்கள் பலர், புதுச்சேரியிலும் ஆரோவில்லிலும் மிக நேர்த்தியான கிண்ணங்களும் குடுவைகளும் செய்கிறார்கள். உயர்ந்த சூட்டில் சுட்டு மெருகிட்ட அத்தகைய கலங்கள் தண்ணீரை உறிஞ்சுவதில்லை. மெருகிடாத சாதாரண மண்சட்டியில் தண்ணீர் ஊற்றி நேரே மரத்தின் மேல் வைத்துவிடாதீர்கள். நீர் மெல்லக் கசிந்து ஒரே இரவில் தேக்கின் மேல் வட்டமாகக் கறை விழுந்துவிடும்.

மூன்றாவது பொருள் வீட்டாருடைய கதையைச் சொல்வதாக இருக்கட்டும். குழந்தை கடற்கரையில் பொறுக்கிய சங்கு, தாத்தாவின் வெற்றிலைப் பெட்டி, ஒரு தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை, எதுவானாலும் சரி. விலையை இங்கே பார்க்க வேண்டியதில்லை. தலையாட்டி பொம்மைக்கு ஒரு கூடுதல் தகுதியும் உண்டு: அடிப்பாகம் கனமாக இருப்பதால் டீப்பாயை யார் இடித்தாலும் ஆடிவிட்டு நிமிர்ந்துகொள்ளும்.

உருளியில் பூ மிதக்கவிடுவதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். செவ்வந்தி மிதக்கவிட ஏற்றது. இதழ்கள் நெருக்கமாக இருப்பதால் எளிதில் மூழ்காது, இரண்டு மூன்று நாள் தாங்கும். நந்தியாவட்டை வெள்ளையாக மிதக்கும்போது இருண்ட வெண்கலத்தின் மேல் பளிச்சென்று தெரியும். செம்பருத்தியை மாலை வரை மட்டுமே நம்பலாம்; காலையில் பறித்துத் தண்ணீரே இல்லாமல் தாம்பாளத்தில் வைத்தாலும் அன்று முழுக்க விரிந்திருந்து, பொழுது சாயும்போது சுருண்டுவிடும். சம்பங்கியின் மணம் சன்னல் திறந்த கூடத்துக்கு இனிமையானது, ஏ.சி. போட்டு மூடிய அறையில் சிலருக்குத் தலைவலியைத் தரும். அரளியை மட்டும் குழந்தை இருக்கும் வீட்டில் டீப்பாய்க்குக் கொண்டுவரவே கூடாது, அந்தச் செடியின் எல்லாப் பாகமும் நஞ்சு. தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது இப்படித் தேங்கிய தெளிந்த நீரில்தான். முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் ஆகும். முட்டைகள் நீர்மட்டத்தை ஒட்டிய சுவரில் ஒட்டிக்கொள்வதால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. உள்விளிம்பைச் சுற்றி நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். மணிபிளான்ட் வைத்த சொம்புக்கும் இதே விதிதான். தினமும் செய்ய முடியாது என்று தோன்றினால் உருளியில் தண்ணீர் ஊற்றாமல் எலுமிச்சம்பழங்களை நிரப்பி வையுங்கள். பார்க்கவும் நன்றாக இருக்கும், பழம் சமையலுக்கும் வீணாகாது.

வெளிநாட்டுப் படங்களைப் பார்த்து நம் வீடுகளில் வைக்கப்படும் பல பொருள்கள் தோற்றுப்போவதற்கு முதற்காரணம் தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறி. பெரும்பாலான ஹால்களில் டீப்பாய்க்கு நேர் மேலே அல்லது சற்றுத் தள்ளி அது இருக்கிறது. ஆண்டில் பெரும்பகுதி ஓடிக்கொண்டும் இருக்கிறது. உலர்ந்த நாணற்பூக் கொத்து அந்தக் காற்றில் நாள்தோறும் இழையிழையாக உதிரும். வாசனை மெழுகுவத்தியின் சுடர் ஒரு பக்கமாகச் சாய்வதால் மெழுகு ஒரு பக்கமே உருகிக் கரிப்புகை விடும். காகிதப் பூக்களும் துணிப் பூக்களும் தூசியை ஈர்த்து ஒரு மாதத்தில் மங்கிவிடும். ஆகவே கனமானவை, ஈரத்துணியால் ஒரே வீச்சில் துடைக்கக் கூடியவை, அசையாதவை என்ற மூன்று குணங்களைப் பார்த்து வாங்குங்கள்.

சாமி உருவங்களை டீப்பாயில் வைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. சுவாமிமலைச் செப்புத் திருமேனிக்கு முன்புறம் என்று ஒன்று உண்டு. நாற்புறமும் ஆட்கள் அமரும் இடத்தில் யாராவது ஒருவருக்கு அது முதுகைக் காட்டிக்கொண்டே இருக்கும். அதோடு, அசதியில் யாராவது கால் நீட்டி வைக்கும் உயரத்தில் சாமியை வைப்பது நம் மனத்துக்கு ஒப்பாது; வயதானவர்கள் வெளியே சொல்லாவிட்டாலும் சங்கடப்படுவார்கள். அவற்றுக்கு மார்பு உயரத்தில் சுவர் மாடமோ அலமாரியோதான் இடம். தஞ்சாவூர்க் கலைத்தட்டும் அப்படியே. பித்தளைத் தட்டின் மேல் வெள்ளியும் செம்பும் புடைத்து நிற்கும் அந்த வேலைப்பாடு எதிரே நின்று பார்ப்பதற்காகச் செய்யப்பட்டது. அதைக் கிடைமட்டமாக வைத்து மேலே டம்ளரை வைப்பது கைவினைஞருடைய உழைப்புக்குச் செய்யும் அவமதிப்பு.

புத்தகங்கள் வைக்கலாம், ஆனால் இரண்டோ மூன்றோ போதும். பெரிய அளவுப் படப் புத்தகம் அடியில், சிறியது மேலே. அலங்காரத்துக்காகவே வாங்கிய, யாரும் பிரிக்காத புத்தகம் சில வாரங்களிலேயே தன் நிலையைக் காட்டிக்கொடுத்துவிடும். வீட்டில் யாராவது உண்மையில் படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தை, அடையாளத் துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்க, அப்படியே வையுங்கள். வருகிறவரோடு பேச்சைத் தொடங்க அதுவே வழி. புத்தகத்தின் மேல் பூச்சாடியை ஏற்றி வைக்கும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. அட்டையில் ஈரம் படும். படிக்க எடுக்க நினைப்பவரும் சாடியை இறக்க வேண்டுமே என்று விட்டுவிடுவார்.

இனி உங்கள் மாமியாருடைய பொருள்கள். அவற்றை அகற்ற முயலாதீர்கள்; அவர் நாள் முழுவதும் பயன்படுத்துவதால் அந்த டீப்பாயில் முதல் உரிமை அவருக்குத்தான். செட்டிநாட்டுக் கொட்டான் ஒன்றை வாங்கி, அவர் வழக்கமாக அமரும் பக்கத்தில் வையுங்கள். பனையோலையில் முடைந்து ஓரத்தில் வண்ணம் கோத்த அந்தச் சிறு கூடைக்குள் ரிமோட்டும் மூக்குக்கண்ணாடியும் பேனாவும் அடங்கிவிடும். எடுத்து வைக்கவும் கை தேட வேண்டியதில்லை. செய்தித்தாளுக்கு டீப்பாயின் கீழ்த்தட்டே இடம். கீழ்த்தட்டு இல்லையென்றால் சோபாவின் கைப்பக்கம் ஒரு கூடை வைத்துவிடலாம். மாத்திரைகள் மட்டும் டீப்பாயில் இருக்கக் கூடாது, மூடி போட்ட டப்பாவில் இருந்தாலும் கூடாது. நான்கு வயதுக் கைக்கு எட்டாத ஓர் அலமாரித் தட்டுக்கு அவை இன்றைக்கே போகட்டும். இதில் அழகு பற்றிய பேச்சுக்கே இடமில்லை.

குழந்தை இருக்கும் வரை கண்ணாடிச் சாடிகள், வாயில் நுழையும் அளவிலான கூழாங்கற்கள், இழுத்தால் எல்லாம் கவிழ்ந்துவிடும் விரிப்பு ஆகியவற்றைத் தள்ளிப்போடுங்கள். கூர்மையான முனைகளுக்கு ரப்பர்க் காப்பு போடுவது பார்க்க நன்றாக இராது. ஆனால் டீப்பாயின் விளிம்பு குழந்தையின் நெற்றிக்கு ஆபத்தான உயரத்தில் இருக்கும் சில ஆண்டுகளுக்கு அது இருந்தே தீர வேண்டும். காலியாக விட்ட அந்த இரண்டரை அடியில் குழந்தை உட்கார்ந்து வண்ணம் தீட்டட்டும். அடியில் ஒரு பத்தமடைப் பாய்த்துண்டை விரித்துக் கொடுத்தால் மரமும் பிழைக்கும். தாமிரபரணிக் கரைக் கோரையில் நெய்யும் அந்தப் பாய்கள் டீப்பாய் விரிப்பு அளவிலும், டம்ளர் வைக்கும் சிறு துண்டுகளாகவும் கிடைக்கின்றன. நனைந்தால் உடனே நிழலில் உலர்த்த வேண்டும். ஈரத்தோடு சுருட்டினால் பூஞ்சை பிடிக்கும்.

டம்ளர் வைக்கும் துண்டு உங்களுக்கு ஏன் அவசியம் என்றால், பழைய தேக்குச் சாமான்களில் பலவற்றுக்கும் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசிய பிரெஞ்சு பாலிஷ்தான் போடப்பட்டிருக்கும். சூடான டம்ளரை நேரே வைத்தால் அரக்குப் படலத்துக்குள் ஈரம் சிக்கி வெள்ளை வளையம் விழும். டபராவோடு வைக்கும்போது இந்தத் தொல்லை குறைவு. பீங்கான் கோப்பையில் குடிப்பவர்களால்தான் அதிகம் வரும். உங்கள் பாலிஷ் எது என்று அறிய, டீப்பாயின் அடிப்பக்கத்தில் பஞ்சால் ஒரு துளி ஸ்பிரிட்டைத் தொட்டு வையுங்கள். பிசுபிசுவென்று இளகினால் அரக்கு. ஒன்றும் ஆகாவிட்டால் பெரும்பாலும் பி.யூ. எனப்படும் பாலியூரிதேன் போன்ற புதுப் பூச்சு, அது சூட்டையும் ஈரத்தையும் இன்னும் நன்றாகத் தாங்கும். ஏற்கெனவே விழுந்த வெள்ளை வளையத்தின் மேல் உலர்ந்த பருத்தித் துணியை மடித்துப் போட்டு, மிகக் குறைந்த சூட்டில் இஸ்திரிப் பெட்டியைச் சில நொடிகள் மட்டும் ஒற்றி எடுத்துப் பாருங்கள். சிக்கிய ஈரம் வெளியேறினால் வளையம் மங்கிவிடும். கறுத்துப்போன வளையம் என்றால் ஈரம் மரத்துக்குள்ளேயே இறங்கிவிட்டது, அதற்கு ஆசாரியைத்தான் கூப்பிட வேண்டும்.

தேக்கு இல்லாதவர்களுக்கும் ஒரு சொல். பளிங்குக்கல் மேற்பரப்பில் எலுமிச்சை ரசமோ புளித்த தயிரோ பட்டால் கல்லையே அரித்து மங்கலாக்கிவிடும். உடனே துடைக்க வேண்டும். கண்ணாடி மேற்பரப்பு என்றால் கீழே இருப்பதும் காட்சியில் சேரும் என்பதால் மேலே இன்னும் குறைவாக வையுங்கள். ஜப்பானிய-அமெரிக்கச் சிற்பி இசாமு நொகுச்சி வடிவமைத்து 1940களில் அமெரிக்காவில் வெளிவந்த புகழ்பெற்ற காபி மேசையில், ஒரே வடிவிலான இரண்டு வளைந்த மரத் துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தித் தடித்த கண்ணாடியைத் தாங்குகின்றன. அதன் மேல் எதையாவது அடுக்கினால் அந்த மேசையின் அழகே மறைந்துபோகும்.

வாங்கும் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் டீப்பாயில் இருக்கும் அனைத்தையும் எடுத்துவிட்டு ஒரு வாரம் வெறுமையாகவே விட்டு, வீட்டார் எங்கே எதை வைக்கிறார்கள் என்று பாருங்கள். பிறகு தாம்பாளம், கொட்டான். உருளியும் சொம்பும் வீட்டில் இல்லையென்றால் மட்டும் வாங்குங்கள். பொங்கலுக்கு மஞ்சள் கொத்து, தீபாவளிக்குப் பலகாரத் தட்டு, கார்த்திகைக்கு இரண்டு அகல் என்று பருவத்துக்கு ஒன்றைத் தாம்பாளத்தில் மாற்றினால் ஆண்டு முழுக்கப் புதிதாக இருக்கும். அகலை ஏற்றும் அன்று மின்விசிறியை நிறுத்திவிட்டு, பக்கத்திலேயே ஒருவர் இருக்க வேண்டும். சென்னைக் கடற்காற்றில் பித்தளை சீக்கிரம் கறுக்கும். புளியால் தேய்த்து, நன்றாகக் கழுவி, ஒரு சொட்டு ஈரமும் இல்லாமல் துடைத்த பிறகே மரத்தின் மேல் வையுங்கள். கடையில் புதிதாக வாங்கிய தாம்பாளம் கறுக்காமலே பளபளத்தால் அதன் மேல் லாக்கர் பூச்சு இருக்கிறது என்று பொருள். அதைப் புளியால் தேய்க்காமல் ஈரத்துணியால் மட்டும் துடையுங்கள்.